கவுதாரி வரும் வழி

கடலூரை அடுத்த கேப்பர் மலைக்குப் பின்புறம் எங்கள் மாமாவுக்கு நான்கு ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக, பள்ளி விடுமுறை நாட்களில் விடியற்காலையில் எழுந்து கேமராவோடு அங்கே போய்வந்தேன். கவுதாரியை எத்தனையோ முறை பார்த்தேன். படம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. புதருக்குள் நுழையும் வால், சருகின்மேல் ஓடும் பழுப்புக் கோடு, பறவை எழும்பிப் போன பிறகு ஆடிக்கொண்டிருக்கும் புல், இவைதான் கிடைத்தன. மூன்றாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சேவல் கவுதாரி என்னிடமிருந்து எட்டு மீட்டர் தூரத்தில் வந்து நின்று, கால் மணி நேரம் புழுதியில் குளித்துவிட்டுப் போனது. அந்த இரண்டு ஆண்டுகளில் நான் என்ன தவறு செய்தேன், மூன்றாம் ஆண்டில் எதை மாற்றினேன் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் செம்மண் மேட்டையொட்டி வாழ்கிறவர்கள் கவுதாரியின் குரலைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கீழ்வானம் வெளுக்கும்போது ஒரு புதரிலிருந்து 'கதீத்தர், கதீத்தர்' என்று தொடங்கும். அடுத்த புதர் பதில் சொல்லும். ஐந்து நிமிடத்தில் தோப்பு முழுவதும் அந்தக் குரல்தான். ஆனால் குரல் தெரிந்த அளவுக்கு முகம் தெரிந்தவர்கள் குறைவு. என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். குரலை அப்படியே கத்திக் காட்டிய பிள்ளைகளில் பறவையை நின்று பார்த்தவர்கள் இரண்டு பேர்தான்.

இந்தப் பறவைக்கும் நம் ஊருக்கும் பெயரிலேயே உறவு இருக்கிறது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொனரா கீழை நாடுகளில் பயணம் செய்து 1782-இல் வெளியிட்ட நூலில் இதைப் 'பாண்டிச்சேரிக் கவுதாரி' என்றே எழுதினார். அதையெல்லாம் அடிப்படையாகக் கொண்டு 1789-இல் ஜெர்மானியரான கிமெலின் இதற்கு டெட்ராவோ பாண்டிசெரியானஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார். முதல் சொல் பிறகு மாறிவிட்டது. இன்று ஆர்ட்டிகார்னிஸ் பாண்டிசெரியானஸ் என்கிறார்கள். ஊர்ப் பெயர் மட்டும் மாறவில்லை. பாகிஸ்தானில் பார்த்தாலும் இலங்கையில் பார்த்தாலும் இது பாண்டிச்சேரிப் பறவைதான். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குப் பெருமையும் வந்தது, கூச்சமும் வந்தது. அந்தப் பெயரைக் கொடுத்த மண்ணிலேயே பிறந்தும் அதன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லையே என்ற கூச்சம்.

அந்தப் பழைய பெயரில் இருக்கும் டெட்ராவோ என்ற சொல் எனக்கு வேறொரு வழியிலும் உதவியது. அது பிறகு.

முதலில் தவறுகள். நான் குரலைப் பின்தொடர்ந்து போனேன். இயல்பாக எல்லோரும் செய்வது அதுதான்: வடக்கே கத்துகிறது, வடக்கே போவோம். முந்திரித் தோப்பில் அது நடக்காத காரியம். முந்திரிச் சருகு சப்பாத்தி அளவுக்கு அகலம், அப்பளம் போலக் காய்ந்து கிடக்கும். ஓர் அடி வைத்தால் இருபது மீட்டருக்குக் கேட்கும். கத்திக்கொண்டிருந்த சேவல் நிறுத்திவிடும். நாம் நின்று காத்திருப்போம். இதற்குள் அது தரையோடு தரையாகக் குனிந்து ஓடி அடுத்த புதருக்குப் போயிருக்கும். கவுதாரிக்குக் கால்தான் முதல் நம்பிக்கை, இறக்கை கடைசி. மிதித்துவிடும் தூரத்துக்கு வந்தால்தான் 'விர்ர்' என்று எழும்பும். எழும்பினாலும் நூறு மீட்டருக்குள் இறங்கி மறுபடி ஓடும். அந்த விர்ர் ஓசையில் நம் நெஞ்சு ஒருமுறை நின்று துடிக்கும். கேமராவைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்படி எழுப்பிவிட்ட பறவை அன்று காலை முழுவதும் அந்தப் பக்கம் வராது. ஆக, நான் தேடி நடந்த ஒவ்வொரு நாளும் என் வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. ஒருமுறை கைப்பேசியில் கவுதாரியின் குரல் பதிவை ஓடவிட்டேன். அரை நிமிடத்தில் ஒரு சேவல் ஓடிவந்தது. வேறொரு சேவல் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, என் மறைவைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நான் ஒலியை நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் அது ஓயவில்லை. இல்லாத எதிரியைத் தேடிக் கத்திக்கொண்டே இருந்தது. மேயவில்லை. பெட்டை பக்கத்தில்தான் எங்கோ இருந்திருக்கும், அதையும் மறந்துவிட்டது. கேமராவில் நல்ல படம் எடுத்திருக்கலாம், அவ்வளவு பக்கத்தில் நின்றது. விரல் அழுத்த வரவில்லை. வளர்ப்புக் கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டு, சண்டைக்கு வரும் காட்டுச் சேவலைக் கண்ணியில் பிடிப்பது பழைய வேட்டை முறை. நான் செய்ததும் அதேதான், கண்ணி மட்டும் இல்லை. அதற்குப் பிறகு பதிவுக் குரலை நான் தொட்டதில்லை. யாரும் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வழி காட்டியவர் தோப்பை ஒட்டிய குடிசையில் இருக்கும் ஆயா. எழுபது வயதைத் தாண்டியவர், பதினோரு ஆடு வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக நான் தோப்புக்குள் அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கூப்பிட்டு, "எதைத் தேடுகிறாய் டீச்சரம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அது குளிக்கிற இடத்தைக் காட்டுகிறேன், வா" என்றார்.

தோப்பின் தென்மேற்கு மூலைக்குக் கூட்டிப்போனார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மாமாவின் தோப்பில் பழைய மரங்கள் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்தன. மற்ற இடங்களில் ஒட்டுக் கன்று வைத்தார்கள். அந்த மூலை மட்டும் அப்படியே விடப்பட்டது. சூரையும் களாவும் ஆவாரையும் சீமைக்கருவேலும் முளைத்து முள்காடாகிவிட்டது. அந்த முள்காட்டுக்கும் முந்திரிக்கும் இடையில் ஆறடி அகலத்துக்கு வெறும் செம்மண். விழுந்த மரம் ஒன்றின் வேர்க்கட்டை இன்னும் கிடந்தது, கரையான் அரித்து. அதன் அடியில் தட்டு அளவுக்கு நான்கைந்து குழிகள். மண் மாவாக இருந்தது.

"இந்தக் குழியெல்லாம் அது புரண்டது" என்றார் ஆயா. குனிந்து ஒரு குழியின் ஓரத்திலிருந்து ஒரு சிறு இறகை எடுத்துக் கொடுத்தார். விரல் நுனி நீளம். பழுப்பு நிறத்தில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே இன்னொரு கருங்கோடு, நெய்தது போல. பக்கத்தில் மண்ணில் மூன்று விரல் முன்னே விரிந்த காலடித் தடங்கள். சருகைக் கிளறிய அடையாளம். கோழி எச்சம் போன்ற, ஆனால் அதைவிடச் சிறிய எச்சம், ஒரு முனை வெள்ளையாக. நான் அந்த இடத்தை முப்பது முறையாவது கடந்து போயிருப்பேன். கண் புதருக்குள்ளேயே இருந்ததால் தரையைப் பார்க்கவில்லை.

ஆயா சொன்ன கால அட்டவணையை அன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன். இருட்டில் சீமைக்கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில் அடைந்திருக்கும். வெளுக்கும்போது கிளையிலிருந்தே கத்தும். இறங்கியதும் முந்திரி அடியில் மேயும். புல்விதை, கரையான், வண்டு. வெயில் ஏறி மண் காய்ந்ததும் புழுதிக்கு வரும். உச்சியில் முள்ளுக்குள் நிழல். சாயங்காலம் மறுபடி மேய்ச்சல். பொழுது சாய்வதற்குள் மரம். அதன் பிறகு நான் கணக்கு வைத்துப் பார்த்தவரை, மாசி மாதத்தில் அவை புழுதிக்கு வந்தது காலை எட்டுக்கும் ஒன்பதரைக்கும் இடையில். பனி விழுந்த நாளில் தாமதம். மண் ஈரமாக இருந்தால் வரவே இல்லை. உங்கள் இடத்தில் நேரம் வேறாக இருக்கலாம். அந்த நேரத்தை அறிந்துகொள்ளக் கேமரா இல்லாமல் நான்கு நாட்கள் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். இந்த நான்கு நாட்களை வீண் என்று நினைக்காதீர்கள். எனக்கு இரண்டு ஆண்டுகள் வீணானது இந்த நான்கு நாட்களைச் செலவழிக்காததால்தான்.

இடம் தெரிந்தது, எப்படிக் காத்திருப்பது? இங்கேதான் டெட்ராவோ. என் அக்கா மகன் ஃபின்லாந்தில் வேலை செய்கிறான். அங்கே பைன் காடுகளில் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி இருக்கிறது. க்ரௌஸ் என்று பொதுவாக அழைக்கப்படும் வடநாட்டுக் கோழிகளில் அதுதான் மிகப் பெரியது, சேவல் நான்கு கிலோ வரும். கால் வரை இறகு மூடிய பறவை, பனிக்குப் பழகியது. வசந்தத்தில் சேவல்கள் விடியுமுன் ஒரே இடத்தில் கூடித் தோகையை விரித்து ஆடும். அதன் இனப்பெயர் இன்றும் டெட்ராவோதான். கிமெலின் நம் கவுதாரியையும் அந்த வடநாட்டுக் கோழிகளின் வரிசையில்தான் வைத்திருந்தார் என்று அவனிடம் சொன்னபோது, "அப்படியானால் படமெடுக்கும் முறையும் ஒன்றாகத்தான் இருக்கும், சித்தி" என்றான்.

அங்கே கேப்பர்கெய்லியைப் படமெடுக்கிறவர்கள் முதல் நாள் மாலையே மறைவிடத்துக்குள் போய்விடுகிறார்கள். இரவு அங்கேயே தூக்கம். பறவைகள் விடியுமுன் வந்து, ஆடி முடித்து, தாமாகக் கிளம்பிப் போன பிறகுதான் வெளியே வருவது. பறவை இருக்கும்போது உள்ளே நுழைவதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. அவனே ஒருமுறை உறையும் குளிரில் அப்படி ஓர் இரவு கிடந்திருக்கிறான். "பறவைக்கு நாம் வந்ததும் தெரியக் கூடாது, போனதும் தெரியக் கூடாது" என்று அவன் சொன்னது என் நோட்டில் ஆயாவின் அட்டவணைக்குக் கீழே இருக்கிறது.

நம் கவுதாரிக்கு இரவு தங்க வேண்டியதில்லை. ஆனால் அது மரத்திலிருந்து இறங்குமுன் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் கடலூரில் சூரியன் ஆறரை மணியையொட்டி எழும். நான் ஐந்தே காலுக்கு மறைப்புக்குள் இருந்தேன். தம்பி வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். தனியாகப் போகிற பெண்கள் இரண்டு பேரிடமாவது எந்த மூலையில் உட்காரப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆண்களுக்கும் அதையே சொல்வேன். காய்ந்த சருகுக்குள் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கும் நிலம் இது. கணுக்கால் மூடிய காலணி, கையில் விளக்கு, உட்காருமுன் கோலால் சருகைத் தட்டிப் பார்ப்பது, இவை இல்லாமல் ஒருநாளும் உட்காரக் கூடாது.

மறைப்பைச் செய்ததில் கற்றுக்கொண்டவை நிறைய. முதலில் உரச் சாக்கைக் கிழித்துக் கட்டினேன். வெயில் பட்டதும் அது பளபளத்தது. பறவை முப்பது மீட்டரிலேயே நின்று திரும்பிவிட்டது. பிறகு பழைய சணல் கோணி. அதன்மேல் அங்கேயே கிடந்த முந்திரிக் கொம்புகளைச் சாத்தினேன். உயரம் மூன்றரை அடி, உள்ளே தரையில் உட்காரும் அளவு. நின்றுகொண்டு படமெடுத்தால் பறவையின் முதுகுதான் தெரியும். லென்ஸ் அதன் கண் மட்டத்துக்கு வர வேண்டுமானால் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. மறைப்பை ஒரே நாளில் கட்டவில்லை. முதல் நாள் நான்கு குச்சி மட்டும். இரண்டு நாள் கழித்துக் கோணி. அதற்கும் இரண்டு நாள் கழித்துக் கொம்பு. ஆயாவின் ஆடுகள் வந்து அதை உரசிப் பழகின. ஆடு பயப்படாததைப் பார்த்த கவுதாரியும் பயப்படவில்லை என்பது என் எண்ணம். ஏழாம் நாள் மாலை, நான் உட்காரும் இடத்திலிருந்தும் அங்கே நடந்துவரும் வழியிலிருந்தும் சருகை முழுவதும் கூட்டி எடுத்தேன். வெறும் மண்ணில் உட்கார்ந்தால் அசைந்தாலும் ஓசை இல்லை. இந்த ஒரு வேலை எந்த விலை உயர்ந்த கருவியையும்விட அதிகப் பயன் தந்தது.

கருவி என்று பார்த்தால் என்னிடம் இருப்பது சாதாரண கேமராவும் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸும்தான். முக்காலி மறைப்புக்குள் இடத்தை அடைக்கும். பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பை தைத்தேன். வெறும் பையாகக் கொண்டுபோய், அங்கேயே செம்மண் நிரப்பி, அதன்மேல் லென்ஸைப் படுக்க வைத்தேன். கிளம்பும்போது மண்ணைக் கொட்டிவிட்டு வந்துவிடலாம். ஷட்டர் ஓசையை அடக்கும் வசதி கேமராவில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அப்படியும் முதல் கிளிக்குக்கு அது தலையைத் தூக்கும். அப்போது அடுத்தடுத்து அழுத்தாமல் விட்டுவிட வேண்டும். அது மறுபடி கொத்தத் தொடங்கிய பிறகு இரண்டாவது படம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செம்மண் காலை வெயிலில் சிவப்பைக் கீழிருந்து மேலே அடிக்கும். பறவையின் வயிறு செங்கல் நிறமாகத் தெரியும். வண்ணச் சமநிலையைக் கேமராவின் தானியங்கிக் கணிப்புக்கு விட்டால் அது அந்தச் சிவப்பை எதிர்த்து நீலத்தை ஏற்றிவிடும். இறகு சாம்பல் பூசியது போல ஆகிவிடும். நான் 'வெயில்' என்ற நிலையிலேயே வைத்துவிடுகிறேன். வயிற்றில் விழும் அந்தச் செம்மை இந்த மண்ணுக்கு உரியது. அதை அகற்ற எனக்கு மனம் வரவில்லை. நிற்கும் பறவைக்கு 1/250 நொடி போதும். புழுதி தெறிப்பது உறைந்து தெரிய 1/1000 வேண்டும். புல் குறுக்கே வரும் இடத்தில் கேமரா புல்லைப் பிடித்துக்கொள்ளும்; ஒரே ஒரு குவியப் புள்ளியைத் தேர்ந்து கண்ணின்மேல் வைக்க வேண்டும்.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. குளிர்பதன அறையில் இருந்த கேமராவை விடிகாலை ஈரக் காற்றில் எடுத்தால் லென்ஸ் பனி பூத்துவிடும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். முதல் நாள் இரவே பையை வராந்தாவில் வைத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் உப்புக் காற்றைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். என் முதல் லென்ஸ் உள்ளே பூஞ்சை பிடித்துப் போனது ஒரே ஐப்பசி மழைக்காலத்தில்.

அந்தக் காலை.

ஐந்தே காலுக்கு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு முதல் குரல், என் தலைக்குப் பின்னால், பத்து மீட்டருக்குள். திரும்பவில்லை. 'தொப்' என்று ஒன்று தரையில் இறங்கும் ஓசை, பிறகு இன்னொன்று. சருகைக் கிளறும் ஓசை வலப்பக்கம் போய் அடங்கியது. ஏழு மணிக்கு ஒரு கீரி குறுக்கே போனது. ஏழரைக்குக் கால் மரத்துவிட்டது. எட்டே காலுக்கு வேர்க்கட்டைக்குப் பின்னால் புல் அசைந்தது. காற்று இல்லை.

தலை மட்டும் முதலில் வந்தது. வெளிர் சந்தன நிறத் தொண்டை. அதைச் சுற்றி மை தொட்டு இழுத்தது போல ஒரு மெல்லிய கருங்கோடு, அறுந்து அறுந்து, புள்ளிகளைக் கோத்தது போல. கண் பழுப்பு, ஓரத்தில் வெளிச்சத்தின் ஒரு பொட்டு. அந்தத் தலை அப்படியே நின்றது. நான் மூச்சை விடாமல் எண்ணினேன், நாற்பது வரை. பிறகு ஓர் அடி. மங்கிய சிவப்புக் கால், அதன் பின்புறம் முள். சேவல். பெட்டைக்குப் பெரும்பாலும் அந்த முள் இருக்காது. மற்றபடி இரண்டும் ஒரே சாயல்.

அது நேராகக் குழிக்கு வந்தது. முதலில் மார்பால் மண்ணை அழுத்தியது. அலகால் ஓரத்து மண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேல் காலால் உதைத்து, புழுதியை இறகுக்குள் ஏற்றியது. உடம்பு இறகெல்லாம் உப்பி இரு மடங்காகத் தெரிந்தது. கழுத்தை மண்ணில் தேய்த்தது. பிறகு ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தது, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும். காட்டில் எல்லாவற்றுக்கும் அஞ்சி ஓடும் ஒரு பறவை என் முன்னால் கண்ணை மூடியது. எழுந்து நின்று உதறியபோது காலை வெயிலில் அதைச் சுற்றி ஒரு செந்நிறப் புகை எழுந்தது. மொத்தம் பதினொரு முறை அழுத்தினேன். அது தானாக நடந்து முள்ளுக்குள் போன பிறகும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அக்கா மகன் சொன்னபடி.

எப்போது போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு நிற்கும், பறவை தெரியாது. தை பாதியில் புல் சாய்ந்து மண் காய ஆரம்பிக்கும். முந்திரி பூத்திருக்கும் மாசிதான் நல்ல காலம். பங்குனியில் கொட்டை பொறுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள்; அவர்கள் பிழைப்புக்கு நாம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது, பறவையும் அப்போது ஒதுங்கிவிடும். சித்திரையிலிருந்து முட்டைக் காலம். அப்போது நான் முள்காட்டுப் பக்கமே போவதில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சித்திரையில் தோப்பு ஓரத்தில் நடக்கும்போது காலடியிலிருந்து ஒரு பெட்டை எழும்பியது. குனிந்து பார்த்தால் புல்லுக்கு அடியில் ஒரு சிறு பள்ளத்தில் ஆறு முட்டைகள், பால் கலந்த காப்பியை நிறைய நீர்த்தது போன்ற நிறம். கேமரா கழுத்தில்தான் தொங்கியது. நின்று எடுக்கவில்லை, புல்லை விலக்கவும் இல்லை. வந்த வேகத்திலேயே நேராக நடந்து போய்விட்டேன். நாம் ஓர் இடத்தில் நின்று குனிந்தால் மரத்திலிருக்கும் காகம் அதைக் கவனித்துக்கொள்கிறது. நாம் மிதித்துத் திறந்த புல்வழியில் கீரியும் நாயும் வருகின்றன. கூட்டுப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பாராட்ட என்னால் முடியாது.

இடத்தைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். தோப்பு எந்தச் சாலையில், எத்தனையாவது கிலோமீட்டரில் என்று நான் யாருக்கும் எழுதுவதில்லை. படத்தோடு கைப்பேசி சேர்த்துவிடும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். கடைகளில் கிடைக்கும் பண்ணைக் காடை வேறு, இது வேறு. ஆனாலும் கறிக்காக வலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு விடியலில் அந்த முள்காட்டு ஓரத்திலேயே நைலான் கண்ணிகளைப் பார்த்தேன். ஆயாவும் நானும் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தோம். வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். என் படத்தைப் பார்த்து ஒருவன் இடம் கண்டுபிடித்தான் என்ற பழி எனக்கு வேண்டாம்.

இந்த முறை கவுதாரிக்கு மட்டும் உரியது அன்று. புஞ்சைக் காட்டில் மழைக்குப் பிறகு கேட்கும் மழைக்காடைக்கும் இதே காத்திருப்புதான். அதன் அறிவியல் பெயரிலும் நம் கரை இருக்கிறது, கோரமண்டல் என்று. சங்கப் பாடல்களில் சிவல் என்றும் பூழ் என்றும் வருபவை கவுதாரியும் காடையும்தான் என்கிறார்கள் தமிழாசிரியர்கள். முல்லை நிலத்துக் காட்டைப் பாடியவர்கள் இவற்றை நின்று பார்த்திருக்கிறார்கள்.

படங்களில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேவல் எழுந்து உதறும் படம். மூன்று வாரமாகக் கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வோர் இறகையும் பார்த்திருந்தேன். ஆயா படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சேவலை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. விரலை மெல்ல நகர்த்தி, பின்னால் மங்கலாகத் தெரிந்த வேர்க்கட்டையின் நிழலில் ஓரிடத்தில் வைத்தார்.

"இதோ பெட்டை உட்கார்ந்திருக்கிறதே" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். சருகு என்று நினைத்திருந்த இடத்தில் ஒரு கண் இருந்தது.